கண் கிளினிக் பெஞ்சு

அண்ணியை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவர்கள் போய், ஆளுக்கொரு மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சிரிப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் கேட்டபோது, “காட்டியாச்சு, எல்லாம் சரி” என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதை நம்பி சனிக்கிழமை தாதியர் கல்லூரி விடுதியிலிருந்து பஸ் பிடித்து, தலவாக்கலையில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வேனில் நசுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால், அண்ணி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மூன்று மாதக் குழந்தை. மூக்கில் பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடி. குழந்தை வீறிட்டு அழுகிறது. அண்ணியோ கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இது என்னாண்ணே?”

“கண்ணாடி.”

“அது தெரியுது. மனசு டொக்டர் கண்ணாடி எழுதிக் குடுத்தாரா?”

அண்ணன் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் டிவி சத்தம் கூடினால் அந்த வீட்டில் ரகசியம் பேசுகிறார்கள் என்று அர்த்தம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. நம் வீட்டுக் குழந்தை தும்மினால் மூன்றாவது வீட்டில் “நூறு” என்பார்கள். அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டையோ கல்யாணப் பேச்சோ, எதுவானாலும் முதலில் டிவியைக் கூட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அது காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியைக் குறைப்பார்கள். கேட்பதற்கு வசதியாக இருக்க வேண்டுமல்லவா?

டிவியில் யாரோ ஒருத்தி மாமியாரைத் திட்டிக்கொண்டிருக்க, அண்ணன் நடந்ததை என் காதருகே சொன்னார். டவுன் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் ஒரே வராந்தாவில் செவ்வாய்க்கிழமை இரண்டு கிளினிக் நடக்கும். இந்தப் பக்கம் மனநலம், அந்தப் பக்கம் கண். இரண்டுக்கும் எதிரெதிரே இரண்டு நீளப் பெஞ்சுகள். அண்ணனும் அண்ணியும் சரியான பெஞ்சில் உட்காரப் போன நேரத்தில், வராந்தாவின் அந்த முனையிலிருந்து தலைவர் வந்திருக்கிறார்.

தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவர். சொந்தம் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் எனக்கு மாமா, அண்ணிக்கு மாமா, தோட்டத்தில் பாதிப் பேருக்கு மாமா. அவரைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். தலைவரும் நேராக அங்கேதான் வந்தார்.

“அவரும் கண்ணு காட்டத்தான் வந்தாராம். பக்கத்துலயே ஒக்காந்துட்டாரு. அப்பறம் எப்பிடி எந்திரிச்சுப் போறது? மத்தியானம் வரைக்கும் கண்ணுல வர்ற பூவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.”

“சரி, ஒங்களுக்கு எதுக்குண்ணே கண்ணாடி?”

“எனக்கும் சேத்துப் பாத்துட்டாங்க.”

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

நான் தாதியர் பயிற்சியில் கடைசி வருஷம். முடித்ததும் மனநலத் தாதியாக வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அதற்கு ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், நோயாளிகளிடம் சிங்களத்தில் பேச வேண்டும், வீட்டில் தமிழில் திட்டு வாங்க வேண்டும். நர்ஸ் படிப்புக்கு எடுபட்ட அன்றைக்கு அம்மா லயம் முழுக்கச் சீனி கொடுத்தார். மனநலப் பக்கம் போகப் போகிறேன் என்று சொன்னதும் அம்மாவின் முகம் செத்துப்போனது. “நல்ல நர்ஸுன்னா பிரசவ வார்டுல இருக்கணும். கிறுக்காஸ்பத்திரியில இருந்தா எவன் கட்டுவான்?” என்றார். இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் பிரசவ வார்டில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தலைவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடைத்தெருவில் என்னைக் கண்டுவிட்டால் போதும். “என்னா நர்ஸம்மா, கிறுக்குங்களக் கட்டிப்போடப் படிச்சாச்சா? எனக்கும் ஒரு கயிறு எடுத்து வச்சிரு!” என்பார். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெரிய மனிதர் என்று வாயை மூடிக்கொண்டு வருவேன்.

அண்ணி டயகமப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். வந்த புதிதில் அவர் சிரித்தால் தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்குக் கேட்கும் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார். குழந்தை பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. குழந்தை தூங்கும்போதும் அவர் தூங்குவதில்லை. தலை வாருவதில்லை. பால் கொடுக்கும்போது குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை என்னிடம், “ஒங்க அண்ணன வேற ஒருத்தியப் பாத்துக் கட்டிக்கச் சொல்லு. இந்தப் புள்ளைக்கு நான் ஆக மாட்டேன்” என்று சாதாரணமாகச் சொன்னார். ஏதோ அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். அதற்கு முந்தின மாதம்தான் அந்தப் பாடத்தைப் படித்திருந்தேன். ஆனால் வீட்டில் யார் கேட்கிறார்கள்? “பச்ச ஒடம்புக்காரி, காத்துக் கருப்பு பட்டிருக்கும்” என்றார் அம்மா. மிட்வைஃப் மிஸ் வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்தார். புள்ள நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். புள்ளையைப் பெற்றவளை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அண்ணனிடம் ஒரு மாதம் மன்றாடினேன். அதன் பிறகுதான் கிளினிக்குக்குப் போகச் சம்மதித்தார். போய்க் கண்ணாடி வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் எனக்கு மனநலப் பயிற்சி ஆரம்பமானது. நல்ல நேரமோ கெட்ட நேரமோ, எங்கள் டவுன் ஆஸ்பத்திரிக்கே போட்டார்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம். செவ்வாய்க்கிழமை நானே அண்ணியைக் கையோடு கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். நான் காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. அம்மா எனக்கு முன்னால் எழுந்து, டயகமவில் அண்ணியின் குலசாமிக்கு நூல் கட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சாமிக்கு வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது, டொக்டருக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எரிச்சலோடே கிளினிக்குக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்த சிங்களச் சிஸ்டர் நல்லவர். தங்கச்சியைக் கூப்பிடுவது போல நங்கி, நங்கி என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுப்பார். அன்றைக்கு அவரும் என் வாயைக் கிளறினார். தோட்டத்து ஆட்கள் ஏன் எல்லாம் முற்றிய பிறகே வருகிறார்கள் என்று கேட்டார். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் பெயர், அதாவது கூலி, போய்விடும், காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, இங்கே வந்தால் சொல்வது பாதி புரியாது என்று பொரிந்து தள்ளினேன். சிஸ்டர் கோபப்படவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

வரிசை முடிந்து கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் ஒருவர் வந்தார். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். புதுக் கண்ணாடி. நிமிர்ந்து என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தலைவர்.

“நீ இங்கயா இருக்க?” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு வந்தது இரக்கமில்லை. அடப்பாவி மனுஷா என்றுதான் மனதுக்குள் கத்தினேன். போன வாரமும் இவர் இங்கேதான் வந்திருக்கிறார்! அண்ணனைக் கண்டு இவர் கண் பெஞ்சுக்கு ஓடியிருக்கிறார். இவரைக் கண்டு அண்ணன் ஓடியிருக்கிறார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் கண்ணில் வருகிற பூவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

டொக்டர் சிங்களப் பெண்மணி. தலைவர் சிங்களத்தில் தோட்டத்துத் துரையோடு மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறவர். ஆனால் அன்று டொக்டர் கேட்டபோது என் பக்கம் திரும்பினார். “சண்ட போடுற சிங்களம்தான் தெரியும். இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. நீ சொல்லு” என்றார். அவர் தமிழில் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் மனைவி, எங்கள் அத்தை, செத்துப்போன பிறகு தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. கூட்டத்தில் பேச எழுந்தால் என்ன பேச வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. வீட்டில் இருந்த ஒரு கதிரையைப் பார்க்கப் பிடிக்காமல் உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார். அது அத்தை உட்காரும் கதிரை. சொல்லி முடித்ததும் தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பிற்பாடு அவரிடமே கேட்டேன். “எழுது, பேரு மட்டும் போடாத” என்றார். ஆனால் அது பிற்பாடு. அன்றைக்கு அவர் எழுந்து போகும்போது, “புள்ள, தோட்டத்துல…” என்று இழுத்தார்.

“இங்க கேட்டது இங்கதான் மாமா. செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

மனநலத் தாதிக்கு முதல் பாடமே அதுதான். பரீட்சையில் அதற்கு எனக்கு முழுப் புள்ளி. எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தபோதுதான் பாடம் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. “அந்தக் கிளினிக்குக்கு இனிமே கூப்பிடாத. தலைவர் கண்ணுல பட்டா தோட்டம் பூரா நாறிரும்” என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். ஒரே ஒரு வசனம் போதும். ‘அவரும் அங்கதான் வர்றாரு.’ அதைச் சொன்னால் அண்ணனின் பயம் போய்விடும், அண்ணிக்கு மருந்து கிடைத்துவிடும். சொல்ல முடியாது. சட்டியைக் கழுவுகிற சாக்கில் சட்டியை டமார் டமார் என்று போட்டு உடைத்தேன். அம்மா என்னையும் கோயிலுக்குக் கூட்டிப்போக நினைத்தார்.

அண்ணியோடு மனம் விட்டுப் பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நோயாளியோடு பேச அமைதியான, தனியான இடம் வேண்டும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. இடமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று வகுப்பில் கேட்டேன். ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னார். எங்கே ஏற்பாடு செய்வது, கோழிக்கூட்டிலா? காம்பராவில் பேசினால் லயமே கேட்கும். கொழுந்து பறிக்கிற மலையில் பேசினால் கங்காணி கேட்பார். இஸ்தோப்பில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று விசாரிப்பார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். வெகுநேரம் ஆகியும் வரவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அண்ணி பீலியடியில் நின்றுகொண்டிருந்தார். குடம் எப்போதோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பீலித் தண்ணீர் குடத்திலும் தகரத் தொட்டியிலும் விழுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். அட, இதுதானே புத்தகம் கேட்ட இடம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிட்டே போய் நின்று, படித்தபடி நேராகவே கேட்டேன்.

“அண்ணி, செத்துப் போயிரணும்னு தோணுதா?”

அவர் திடுக்கிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரில் காட்டிக் கழுவினார்.

“தோணுது. தெனமும் தோணுது. புள்ள அழுகுற சத்தம் கேட்டுத் திரும்பி வந்துருவேன்.”

படித்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இது ஒரு நோய் அண்ணி. புள்ள பெத்தவங்களுக்கு வர்றதுதான். மருந்து இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்து எத்தனையோ வாரமாகியிருந்தது.

“நோயா? நான் கெட்டவளுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அழுதுவிட்டேன். நர்ஸ் அழக் கூடாது என்பார்கள், நான் அழுதேன். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி, சிஸ்டருக்குப் போன் பண்ணினேன். இரவு ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதே, காலையில் கூட்டிக்கொண்டு வா, வர முடியாவிட்டால் இப்போதே வார்டுக்கு வா என்றார்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னதும் வழக்கம்போல டிவி சத்தம் கூடியது. வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் குறைந்தது.

“நாளைக்கா? செவ்வாக்கெழமையா? வேற நாள் பாப்போம். தலைவர் மறுபடி அங்க வந்து நின்னா?”

“நின்னா என்னாண்ணே? அவரு என்னா சிங்கமா புலியா?”

“ஒனக்கென்னா, நீ பேசுவ. நாளைக்கு என் புள்ளையக் கிறுக்கி மகன்னு சொல்லுவானுங்க!”

“அண்ணே, தலைவரும்…” என்று ஆரம்பித்துவிட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். “தலைவரும் மனுஷன்தானே” என்று முடித்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. ஒரு உயிர் போகிற விஷயத்தில் இப்படி முழுங்கி முழுங்கிப் பேச வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது அண்ணி எழுந்தார். நேராகப் போய் டிவியை அணைத்தார்.

பக்கத்து வீடுகளில் ஏற்கெனவே குறைத்து வைத்திருந்ததால் லயத்தில் ஒரு சத்தமும் இல்லை.

“எனக்குக் கண்ணுல ஒன்னும் இல்ல,” என்றார் அண்ணி, நல்ல சத்தமாக. “மனசுதான் சரியில்ல. நாளைக்கு நான் கிளினிக்குப் போறேன். கேக்குறவங்க நல்லாக் கேட்டுக்கங்க.”

எந்த வீட்டிலோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வெளக்கு வச்ச நேரத்துல என்னா பேச்சு இது” என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மாப் பிசைகிற சத்தம் கேட்டது. காலையில் வழியில் சாப்பிட ரொட்டி வேண்டுமே. அன்றிரவு அண்ணியின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ் வழக்கம்போல நேரம் பிந்தித்தான் வந்தது. கிளினிக்கில் நான் சீருடையில் கதவருகே நின்று நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணியும் அண்ணனும் சரியான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கண்ணாடி போடவில்லை. எதிர்ப் பெஞ்சு நிரம்பி வழிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. இதில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே கண்ணில் வலி?

அப்போது வராந்தாவின் அந்த முனையிலிருந்து தலைவர் வந்தார். போன வாரமே அவரை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அவரைக் கண்டதும் குழந்தையின் துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, “எந்திரி, எந்திரி” என்று அண்ணியின் தோளைத் தட்டினார். அண்ணி அசையவில்லை. தலைவரும் இவர்களைப் பார்த்துவிட்டார். நடுவராந்தாவில் நின்றார். அவருடைய கால் கண் பெஞ்சுப் பக்கமாகத் திரும்பியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“மாமா,” என்றார் அண்ணி. “அந்தப் பெஞ்சு இல்ல. இங்க வாங்க.”

சொல்லிவிட்டுக் குழந்தையோடு நகர்ந்து இடம் விட்டார்.

தலைவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நேத்து நீ பேசுனது என் காம்பராவுக்குக் கேட்டுச்சு, தாயி” என்றார். குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து என்னிடம் வந்தார். முகம் சிவந்து கிடந்தது.

“ஒனக்கு மொதல்லயே தெரியுமா?”

“எதுண்ணே?”

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். அண்ணி எழுந்து, குழந்தையைத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.